முதுகுக்கு மெத்தை, மெத்தைக்குத் தவணை

புதிதாக எந்தப் பொருள் வீட்டுக்கு வந்தாலும் வேன்காரர் அதன் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க விடமாட்டார். சோபா வந்து எத்தனையோ வருடமாகியும் உறைக்குள்ளேயே இருந்தது. யாராவது உட்கார்ந்தால் சருகை மிதித்ததுபோல் சத்தம் போடும். வெயில் காலத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கும்போது தொடையோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கூடவே வரும். ஃப்ரிட்ஜின் கதவில் விலைச்சீட்டு அப்படியே. மின்விசிறியின் இறக்கைகளில் கம்பெனிக்காரன் ஒட்டிய மெல்லிய தாள் காற்றில் படபடத்துக்கொண்டிருக்கும். டிவி ரிமோட்டுக்கு உறை, உறைக்கு மேல் ரப்பர் பேண்ட்.

"எந்திரிச்சா என் தோலும் சேந்து வருது. ஒரு நாள் என்னையும் உறை போட்டு மூலையில வைக்கப் போறாரு" என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். வேன்காரர் சிரிப்பார். உறையை மட்டும் தொட விடமாட்டார்.

அவர்களுடைய ஒரே மகள், சோபா என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி வளர்ந்தவள். கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒரு தோழியின் வீட்டில் உறையில்லாத சோபாவைப் பார்த்தபோது, ஆள் உடைமாற்றும் அறைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டதுபோல் அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. அதன் மேல் உட்காரச் சொன்னார்கள். ஓரத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்து தேநீரை வாய் வேகக் குடித்து முடித்தாள்.

அந்த வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். தேர்வில் தேறிய நாளிலிருந்து வேன்காரர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். "பட்டதாரி வந்தாச்சா?", "பட்டதாரிக்குத் தண்ணி வையி." பெருமை பாதி, கிண்டல் பாதி. கீழ்வீட்டுக்காரர்கள்கூட அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டியின் மிதவை பழுதானாலும் "பட்டதாரியக் கேட்டுப் பாருங்க" என்றார்கள். அவளும் போய்ப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை. ஆனால் புரிந்ததுபோல் கொஞ்ச நேரம் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேன்காரர் வேலை பார்த்தது வீட்டுச் சாமான்களைத் தவணைக்கு விற்கும் பெரிய கடை ஒன்றில். வேனை ஓட்டுவதும் அவர்தான், சாமானைச் சுமப்பதும் அவர்தான். கூட ஒரு கூட்டாளி. ஊதினால் பறந்துவிடும் உடம்பு என்பதால் அவருக்குப் பயில்வான் என்று பெயர். இரண்டு பேருக்கும் இரண்டு வகை வேலை. புதுச் சாமானைக் கொண்டுபோய் வீட்டில் வைப்பது இறக்கல். தவணை கட்டாதவர் வீட்டிலிருந்து அதே சாமானைத் திரும்ப எடுத்து வருவது தூக்கல். இறக்கலுக்குப் போனால் தேநீர் கிடைக்கும், சில வீடுகளில் கைச்செலவுக்குக் காசும் கிடைக்கும். தூக்கலுக்குப் போனால் அந்த வீட்டு நாய்கூட முகம் கொடுக்காது.

"சின்ன வீட்ல தூக்கப் போனா தெருவே கூடிரும். பெரிய வீட்ல பின்வாசல் வழியா வரச் சொல்லுவாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார் பயில்வான். குடிசையிலிருந்து தூக்கிய ஃப்ரிட்ஜும் வண்டி நிறுத்த இரண்டு கொட்டகை வைத்திருந்த வீட்டிலிருந்து தூக்கிய ஃப்ரிட்ஜும் வேனில் பக்கத்துப் பக்கத்தில் நின்று குலுங்கிக்கொண்டு வரும்.

இத்தனையும் கண்ணால் பார்த்தவர் கடன் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வேன்காரர் தலைவைத்துப் படுத்தது மட்டுமில்லை, போர்த்திக்கொண்டும் படுத்தார். தூக்கி வந்த சாமான்களைத் துடைத்து, புது உறையும் விலைச்சீட்டும் போட்டு, கடை தன் ஆட்களுக்குப் பாதி விலையில் கொடுத்தது. பணத்தைச் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். கொடுக்காத பாதியை அவர் வருமானம் என்று கணக்குப் போட்டார். அப்படி வருமானம் பெருகிப் பெருகி, மாதக் கடைசியில் சம்பளக் கவரைத் திறந்தால் காற்று வந்தது. மூன்று பக்கக் கண்ணாடி வைத்த அலங்கார மேசை வந்தது. மூன்று பக்கமும் பார்த்துக்கொள்ள அந்த வீட்டில் யாருக்கும் நேரமில்லை. தண்ணீர் சூடாக்கும் பெட்டி வந்தது. ஒரு உடற்பயிற்சி சைக்கிள்கூட வந்தது. நாள் முழுக்கப் பீரோ சுமக்கிற மனிதருக்கு உடற்பயிற்சி சைக்கிள். அதில் துணி காயப்போட்டார்கள்.

பட்டதாரி வேலைக்குச் சேர்ந்த வருடம் அவருக்கு முதுகு போய்விட்டது. ஒரு நாள் காலையில் குனிந்தவர் நிமிரவில்லை. மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனி எதையும் தூக்கக் கூடாது. தூக்கினா நடமாட்டமே போயிரும்" என்றார். வேன்காரர் சரி என்று தலையாட்டிவிட்டு மறுவாரமே வேனுக்குப் போய்விட்டார். காரணம் எளியது. கடையில் பாக்கி இருந்தது. முதலாளி கெட்டவரில்லை. "பாக்கி முடியட்டும், ராஜா மாதிரி வீட்ல இருங்க" என்றுதான் சொன்னார். முடிந்தால்தானே.

பட்டதாரி உட்கார்ந்து கணக்குப் போட்டாள். அவள் படித்ததே வணிகம். வேலை பார்த்ததும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில். அவளுடைய முதல் சம்பளமே அப்பாவின் சம்பளத்தைப்போல் மூன்று மடங்கு. யாரும் புதிதாக எதையும் வாங்காமல் இருந்தால் ஒரே வருடத்தில் பாக்கி தீரும், அப்பா வேனை விட்டு இறங்கலாம். இதை அவள் தாளில் கோடு போட்டு விளக்கினாள்.

"யாரும் வாங்கக் கூடாதுன்னா யாரு?" என்றாள் அம்மா.

"யாருமேதாம்மா."

"நான் என்னிக்குடி வாங்கியிருக்கேன்?"

"பொதுவாச் சொன்னேன்."

"பட்டதாரி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வேன்காரர் எழுந்தார். எழும்போது இடுப்பில் கைவைத்துக்கொண்டார். அதை அவள் பார்த்தாள்.

ஒரு வருடம் போயிற்று. பாக்கி குறையவில்லை. கொஞ்சம் கூடியிருந்தது.

எப்படி என்று கேட்டால் பட்டதாரியிடம் பதில் உண்டு. கேட்பவருக்குத்தான் பொறுமை வேண்டும். வேலைக்குச் சேர்ந்த மறுமாதம் ஒரு வங்கியிலிருந்து போன் வந்தது. இனிமையான குரல். "மேடம், உங்களுக்குத் தகுதி இருக்கு" என்றது. அவள் வாழ்நாள் முழுக்க அந்தச் சொல்லுக்காகத்தான் வரிசையில் நின்றிருந்தாள். பள்ளியில் தகுதி, கல்லூரியில் தகுதி, நேர்முகத் தேர்வில் தகுதி. அவள் வீட்டில் யாரிடமும் யாரும் அதைச் சொன்னதில்லை. இப்போது முகம் தெரியாத ஒரு பெண் தானாகக் கூப்பிட்டுச் சொல்கிறாள். எதற்குத் தகுதி என்று கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. கடன் அட்டை வந்தது. அப்பா வாங்கினால் கடன், அவள் வாங்கினால் சலுகை. அப்பாவுக்குச் சம்பளத்தில் பிடித்தார்கள், அவளுக்கு வாழ்த்துச் செய்தி வந்தது.

அலுவலகத்துக்குப் போட்டுக்கொள்ள நல்ல காலணி வேண்டியிருந்தது. காலணிக்குப் பொருத்தமாகப் பை வேண்டியிருந்தது. பையில் வைக்க ஒரு கௌரவமான போன் வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் நியாயமானது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அவள் தன்னிடம் அனுமதி கேட்டாள், தன்னிடமிருந்து அனுமதி கிடைத்தது. அவளைவிட நாலு மடங்கு சம்பளம் வாங்கும் மேலாளர் மாதக் கடைசியில் "இன்னிக்குப் பசியில்ல" என்று மதியச் சாப்பாட்டைத் தவிர்ப்பதை அவள் கவனித்திருந்தாள். வயிற்றுக்கு ஏதோ கோளாறு என்று நினைத்து இரக்கப்பட்டாள். அடுத்த வருடம் அவளுக்கும் மாதக் கடைசியில் அதே கோளாறு வந்தது.

அம்மா துணி துவைத்துக் கைவிரல் வெடித்துப்போனதைப் பார்த்து ஒரு வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்தாள். அப்பாவின் கடையிலேயே, அப்பாவின் கணக்கிலேயே, அப்பாவுக்குரிய பாதி விலையில். மிச்சம் பிடித்த பெருமையில் அன்று முழுக்க அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

பிறகுதான் மெத்தை. முதுகு வலிக்கென்றே செய்த மெத்தை என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். தடிமனானது, உள்ளே என்னென்னவோ அடுக்குகள். அப்பா பழைய பாயில் புரண்டு புரண்டு படுப்பதைப் பார்க்கச் சகிக்காமல், அவருக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று இந்த முறை தன் பெயரில் தவணை போட்டு, கடைக்கே போன் செய்து, "வீட்ல கொண்டுவந்து இறக்கிடுங்க" என்று சொல்லி வைத்தாள். முகவரியும் தெளிவாகச் சொன்னாள். மூன்றாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யாது, பார்த்து வரவும் என்று அக்கறையாக வேறு சேர்த்துச் சொன்னாள். யார் பார்த்து வருவார்கள் என்று மட்டும் அவளுடைய படித்த மூளைக்கு எட்டவில்லை.

மறுநாள் மாலை வேலை முடிந்து படியேறும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் வழியை அடைத்துக்கொண்டு ஒரு மெத்தை நின்றது. அடியில் பாதங்கள் மட்டும் தெரிந்தன. அவற்றில் இரண்டு போட்டிருந்த தேய்ந்த செருப்புகள் அவளுக்கு நன்றாகத் தெரிந்தவை.

"யாரு? கொஞ்சம் ஒதுங்குங்க" என்றது மெத்தை, பயில்வானின் குரலில்.

"நான்தான் சித்தப்பா."

மெத்தை அசையாமல் நின்றது. மறுபக்கத்திலிருந்து மூச்சு வாங்கும் சத்தம். பிறகு வேன்காரரின் குரல். "பட்டதாரியா? என் வீட்டு அட்ரஸுக்கு எவன்டா மெத்தை கேட்டான்னு கடைக் கணக்கரைக் கேட்டேன். ஒரே சிரிப்பு அந்தாளுக்கு."

"உங்களுக்குத்தாம்ப்பா. முதுகுக்கு நல்லதுன்னு சொன்னாங்க."

"நல்லதுதான் பாப்பா" என்றார் பயில்வான். "நீ நல்லதுன்னு சொல்ற, டாக்டர் தூக்காதங்கறாரு, நடுவுல மெத்தை எங்க மேல படுத்துத் தூங்குது. அடுத்த தடவ அப்பாவுக்கு எதாச்சும் வாங்கணும்னா கைக்குட்டை வாங்கு. அத நாங்க எப்படியாவது சமாளிச்சு ஏத்திருவோம்."

பட்டதாரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு ஓரத்தைப் பிடித்தாள். எந்த ஓரத்தைப் பிடிப்பது என்று தெரியாமல் பிடித்ததில் மெத்தை சுவரில் இடித்தது. "நீ விட்ரும்மா, அதுவே பெரிய உதவி" என்று வேன்காரர் சொன்னார். அவள் பின்னாலேயே வெறுங்கையோடு ஏறினாள். விலை உயர்ந்த காலணி படிக்கட்டில் டக் டக் என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளலாமா என்று நினைத்தாள்.

பயில்வான் போன பிறகு வேன்காரர் அந்த மெத்தையிலேயே சாய்ந்தார். உறை சலசலத்தது.

"உறையப் பிரிக்கலாம்ப்பா. அப்பதான் முதுகுக்கு இதமா இருக்கும்."

"வேணாம்."

"ஏம்ப்பா, அழுக்கானா துவைச்சுக்கலாம்."

"அழுக்குக்கு இல்ல." அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உறை இருந்தாத்தான் தூக்க வர்றவன் நல்ல விலை போடுவான். பிரிச்சுட்டா பழசுன்னு கழிச்சிருவான்."

"யாரு தூக்க வருவா?"

"நாங்கதான்."

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். சோபா, ஃப்ரிட்ஜ், மூன்று பக்கக் கண்ணாடி. அப்பா சுத்தத்துக்காகத்தான் உறையைப் பிரிக்காமல் இருக்கிறார் என்று சின்ன வயதிலிருந்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள். இதில் ஒரு பொருளையாவது அவர் ஒரு நாளாவது தன்னுடையது என்று நம்பியதில்லை. கடையின் கிடங்குக்கு வாடகை கொடுத்துக் காவல் இருந்திருக்கிறார்கள், குடும்பத்தோடு. அவளுக்குத் தன்னை நினைத்தும் சிரிப்பு வந்தது. அவளுடைய போனில் கம்பெனி ஒட்டிய தாள் இன்னும் அப்படியே இருந்தது. பட்டச் சான்றிதழுக்குக்கூட உறை போட்டுத்தான் வைத்திருந்தாள். யார் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள் என்று பயந்தாளோ.

"தெரிஞ்சுமா வாங்குனீங்க? தெனமும் தூக்கிட்டு வர்றீங்களே, அதப் பாத்துமா?"

வேன்காரர் மெத்தையில் கொஞ்சம் புரண்டார். அவருடைய மனைவி சமையலறையில் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தாள்.

"இறக்குற அன்னிக்கு ஒரு வீட்டுக்குள்ள போய்ப் பாக்கணும் பாப்பா. பொண்டாட்டி புள்ளைங்க எல்லாம் வாசல்ல வந்து நிப்பாங்க. எங்க வைக்கறதுன்னு அவங்களுக்குள்ள சண்டை வரும். என்னமோ நானே குடுத்த மாதிரி என்னப் பாத்துச் சிரிப்பாங்க. ஊரான் வீட்டு வாசல்லயே அதப் பாத்துட்டு இருந்தா, நம்ம வீட்டு வாசல்லயும் ஒரு தடவ உங்கம்மாவும் நீயும் நிக்கணும்னு தோணும். அந்த ஒரு நாளுக்குத்தான்." திரும்பி அவளைப் பார்த்தார். "நான் படிக்காதவன், விடு. நீ ஏன் வாங்குன?"

தேவைக்கும் ஆசைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக என்ற கேள்விக்குப் பட்டதாரி இறுதித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். இப்போது அதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. "நீங்களும் அம்மாவும் வாசல்ல நிக்கணும்னுதான்" என்று சொல்ல நினைத்தாள். அவர் வாசலில் நிற்கவில்லை, மெத்தைக்கு அடியில் நின்றார் என்பது ஞாபகம் வந்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த வாரமே விடுப்பு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். இனி கணக்குப் போடுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள், ஏனென்றால் அவள் கணக்குப் போட்டபோதெல்லாம் பாக்கி ஏறியிருந்தது. வங்கி சொன்ன தகுதியை மொத்தமாகக் கடனாக எடுத்து, அப்பாவின் பாக்கியைக் கொண்டுபோய் முதலாளியின் மேசையில் வைத்தாள். அட்டையை அங்கேயே கத்தரித்துவிட வேண்டும் என்று பையில் கத்தரிக்கோல்கூட வைத்திருந்தாள். அது உறையைப் பிரிக்காத புதுக் கத்தரிக்கோல். அதற்கென்றே வாங்கியது.

முதலாளி எண்ணிப் பார்த்து ரசீது போட்டார். "உங்கப்பா மாதிரி ஆள் கிடைக்கறது கஷ்டம்மா. தூக்கப் போன வீட்ல அழுதுட்டு இருந்தவங்ககூட இவருக்குக் குடிக்கத் தண்ணி குடுப்பாங்க" என்றார். பிறகு குரலை இனிமையாக்கிக்கொண்டார். "நல்ல வேலையில இருக்கீங்க. உங்க பேருல நிரந்தரமா ஒரு கணக்குத் தொடங்கிரலாமா? முன்பணம்கூட வேணாம்."

பட்டதாரி வேண்டாம் என்றாள். அதைச் சொல்வதற்கு முன்னால் அங்கே இருந்த ஒரு சாய்வு நாற்காலியின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தது உண்மைதான். முதுகுக்கு நல்லது என்று அதிலும் எழுதியிருந்தது. ஒன்றும் வாங்காமல் வெளியே வந்த பெருமையில் கத்தரிக்கோலை மறந்து, வாடகைக் கார் பிடித்து வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த மாதத்திலிருந்து வேன்காரர் வேனுக்குப் போகவில்லை. வங்கிக்காரன் பல வருடத்துக்கு அவளுடைய சம்பளத்தை ஒரு வாய் கடித்துவிட்டுத்தான் தருவான். ஆனால் அப்பா இறங்கிவிட்டார். காலையில் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சன்னலருகே நிற்பார். தெருவில் ஏதாவது வேன் திரும்பினால் ஓட்டுகிறவனின் தவறுகளை மனைவிக்கு விளக்குவார். சாயங்காலம் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருவார். நிமிர்ந்து நடந்தார். அது போதும் என்று பட்டதாரி நினைத்தாள்.

ஒரு விடுமுறை நாளில் பயில்வான் பார்க்க வந்தார். இன்னும் இளைத்திருந்தார். வலது தோளைக் கையால் பிடித்துவிட்டுக்கொண்டே உட்கார்ந்தார்.

"என்னண்ணே, ராஜா கணக்கா இருக்க. என் பாக்கிய எப்பத் தீக்கறதா உத்தேசம்?"

தேநீர் கொண்டுவந்த பட்டதாரி அப்படியே நின்றுவிட்டாள். "கடன் எல்லாத்தையும் சொல்லிட்டேன்னு சொன்னீங்களேப்பா. சித்தப்பாகிட்ட எவ்வளவு வாங்குனீங்க?"

"காசில்ல பாப்பா" என்றார் பயில்வான். "படி ஏறும்போது மேல நிக்கறவன் சாமானப் பிடிச்சா போதும். கீழ நிக்கறவன்தான் சுமக்கணும், கனமெல்லாம் அவன் மேலதான் இறங்கும். அதனால எங்களுக்குள்ள ஒரு பேச்சு உண்டு. ஒரு வீட்ல நான் கீழன்னா அடுத்த வீட்ல அண்ணன் கீழ. முதுகு போனப்புறம் அண்ணன் முறையும் நான்தான் பிடிச்சேன். 'நாளைக்கு நான் கீழ நிக்கறேன்டா'ன்னு தெனமும் சொல்லுவாரு. நாளைக்கு நாளைக்குன்னே சொல்லிட்டு வேலைய விட்டுட்டாரு."

"உன் மெத்தைக்கும் அவன்தான் கீழ" என்றார் வேன்காரர், யாரையும் பார்க்காமல்.

"இப்ப உங்ககூட யாரு சித்தப்பா?"

"முதலாளியோட மச்சான். கீழ்ப்பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவருக்குத் தெரியாது."

பயில்வான் சிரித்தார். வேன்காரரும் சிரித்தார். பட்டதாரியின் கை தானாகப் போனை எடுத்தது. தோள் வலிக்கு நிறையக் கருவிகள் இருந்தன. எல்லாம் தவணையில். விலையைப் பார்த்தாள், ஏதோ யோசித்தாள், போனைக் கவிழ்த்து வைத்தாள்.

பயில்வான் கிளம்பினார். வேன்காரர் வாசல்வரை கூடவே போனார்.

"தரேன்டா."

"எப்படிண்ணே தருவ?"

வேன்காரர் படிக்கட்டைப் பார்த்தார். பயில்வான் இறங்கிப் போகும் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளே பட்டதாரி, கணக்கில் வரவா செலவா எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் அந்தப் பாக்கியை நினைத்துக்கொண்டு நின்றாள். அது இன்னும் தீரவில்லை.